பூதத்துக்குள் இருந்தவன்

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். ஊருக்கு வெளியே, கிடங்குகள் வரிசையாக நிற்கிற ரோடு. பகலில் லாரி போகும். ராத்திரியில் நாய்கூடப் போகாது. கம்பம் இருக்கும், விளக்கு எரியாது...

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். கடைசியில் இருக்கிறவர் கதவைச் சாத்தினால் நல்லது. இது நான் கண்ணால் பார்த்ததில்லை. என்னோடு நைட் ஷிப்டில் இருந்தவனுடைய அண்ணனுக்கு நடந்தது. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்கிற அளவுக்கு அவனுக்குக் கற்பனையும் கிடையாது.

அந்த ரோட்டில் ஒரு சரக்கு வேன் நின்றிருந்தது. இன்ஜின் அணைந்து, சூடான இரும்பு டிக்... டிக்... என்று ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே நாலு பேர். கடைசி ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள். வண்டிதான் ஆறியது. அவர்கள் ஆறவில்லை.

"அது பூதமா? ஓடுது, தாவுது, பல்டி அடிக்குது. சர்க்கஸ்ல சேத்துக்கலாம்!"

சொன்னவர் ஆபரேட்டர். தியேட்டரில் படம் ஓட்டுகிறவர். பழைய சுண்ணாம்புப் பூதம் படத்தை அவர் பார்த்த தடவைக்குக் கணக்கே கிடையாது. அதைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள், கிராபிக்ஸ் பூதத்தோடு. அதைத் தன் தியேட்டரில் தானே ஓட்டிவிட்டு, தானே திட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய பூதம் நடந்துதான் வரும்," என்றாள் நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் வேலை. "மெதுவா வரும். ஓடித் தப்பிச்சிடலாம்னு தோணும். ஒருத்தனும் தப்பிக்க மாட்டான். எங்க பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற மாதிரி."

"கடைசில பூதம் அழுதுச்சே, அதைச் சொல்லுங்க. நம்ம மூக்கைச் சிந்த வைக்கவா காசு குடுத்துப் போனோம்?" இது வேன் ஓட்டுகிறவன். பின்சீட்டில் இருந்தவருக்கு மச்சான், மனைவியின் தம்பி.

பின்சீட்டில் இருந்தவர்தான் நான் சொன்ன அண்ணன். பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, தாடை செய்து, அதன் மேல் பல் கட்டுவார். அதனால் கூட்டாளிகள் அவரை டாக்டர் என்பார்கள். ஒரு பல்லைக்கூடப் பிடுங்கியதில்லை. அதிகம் பேசமாட்டார். அன்றைக்கும் எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தலைத் தட்டு இல்லையே..."

மற்ற மூன்று பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

பழைய படம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்ணாம்புச் சூளை முதலாளி ஒரு கூலியாளை நீற்றுக் குழிக்குள் தள்ளிவிடுவான். கொதிக்கிற சுண்ணாம்பு. கொஞ்ச நாள் கழித்து அவன் எழுந்து வருவான். உடம்பெல்லாம் வெள்ளை. தலை மட்டும் பெரிய கட்டியாக இறுகிப்போயிருக்கும். கண் கிடையாது, வாய் கிடையாது, மூக்கில் இரண்டு துளை. ஒவ்வொருத்தனையும் கொல்வதற்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் தன் தலையைத் தானே தட்டும். டொக்... டொக்... டொக்... அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்தச் சத்தத்துக்கு ஆள்கள் தியேட்டரை விட்டு ஓடியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தின் ரசிகர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம் சொல்லமாட்டார்கள். தலையைத் தட்டிக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் கீழ்ப்பாக்கம் கேஸ் என்று ஒதுங்கிப் போவார்கள். இந்த நாலு பேருக்கும் அதில் பெருமைதான்.

"பூதமா நடிச்சவர் பேரே படத்துல போடலை," என்றார் ஆபரேட்டர். "அது ஒண்ணுதான் அவர் நடிச்சது. அப்புறம் ஆளையே காணோம். நடிப்புன்னா அது! ஒரே படத்துல எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போயிட்டான் மனுஷன்."

மச்சான் ஸ்டியரிங்கில் தட்டினான். "நாமளே எடுத்தா என்ன?"

"என்னது?"

"ஒரே ஒரு காட்சி. தலைத் தட்டு. கிராபிக்ஸ் கிடையாது, நிஜ பிளாஸ்டர். டாக்டர் கையில பிளாஸ்டர், நர்ஸக்கா கையில கட்டு, உங்க கையில கேமரா. பூதம் நான்."

"உன்னைப் பார்த்தா பூதம்தான் பயப்படும்," என்றாள் நர்ஸ்.

சிரித்தார்கள். சிரிப்போடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

பல்செட்காரர் பிளாஸ்டரில் பூதத் தலையைச் செய்து முடித்தார். முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. உள்ளே கனமாகப் பஞ்சு வைத்துத் தைத்தார். இரண்டையும் தலையைச் சுற்றி வைத்து, சேருகிற இடத்தில் ஈரக் கட்டுப் போட்டு மூடிவிட வேண்டும். அப்போதுதான் தையல் தெரியாது. ரசிகன் கண்ணுக்குத் தையல் தெரிந்தால் போச்சு. பழைய படத்தில் தெரியாது. ஆகவே இதிலும் தெரியக் கூடாது. அவ்வளவு பிடிவாதம்.

கிளம்பும்போது மனைவி வாசலில் நின்றாள். அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினால்கூட அவள்தான் போய்ச் சண்டை போடுவாள்.

"என்னங்க... எடுத்துட்டுப் போற மாதிரியே அவனை முழுசாக் கொண்டுவந்து சேத்துடுங்க."

"அவன் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்றார் இவர்.

அதே ரோட்டில் ஒரு கிடங்கு. உள்ளே காலிச் சாக்குத் தூசி. எலி மூத்திர நாற்றம். ஒரே ஒரு விளக்கு. மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் வெள்ளைத் துணி. தலை மாட்டியாகிவிட்டது. நர்ஸ் ஈரக் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள், வார்டில் காலுக்குப் போடுகிற அதே கட்டு.

"டேய், உள்ள மூச்சு முட்டினா என்ன பண்ணுவ?"

"கத்தினா உங்களுக்குக் கேக்காதுக்கா." குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "கையால தலைல தட்டுவேன். வேற என்ன பண்றது?"

"லூசு," என்றாள் நர்ஸ். "சீன்ல பூதமும் அதைத்தானே பண்ணுது? நீ நடிக்கிறியா, சாகுறியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

யாராவது சிரித்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

நர்ஸின் கை அப்படியே நின்றது. கட்டிலிருந்து தண்ணீர் சிமெண்ட் தரையில் சொட்டியது.

"அப்ப..." என்றாள். "அந்தப் படத்துல உள்ள இருந்தவன்?"

"அவர் நடிகர்மா. நடிச்சாரு," என்றார் ஆபரேட்டர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

பல்செட்காரர் தன் கையைப் பார்த்தார். எத்தனை வருஷம்... எத்தனை பேர்... தெருவில், டீக்கடையில், தியேட்டர் வாசலில், சிரித்துக்கொண்டே அந்த மாதிரித் தட்டியிருக்கிறோம். என்னை வெளியே எடுங்கள் என்று ஒருத்தன் தட்டினதை வணக்கமாக்கி வைத்திருக்கிறோம்.

"இன்னைக்கு வேணாம்டா," என்றார். "இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"அத்தான், கட்டுப் போட்டாச்சு. இதை உடைச்சா இன்னொரு தலை செய்யணும். மூச்சு முட்டினா இடது கையை நேரா மேல தூக்குறேன். தட்டினா நடிப்பு, தூக்கினா நிஜம். சரியா?"

அவனே தூக்கிக் காட்டினான். எல்லோரும் சரி என்றார்கள்.

இவரும் சரி என்றார்.

கேமரா ஓடியது. மச்சான் கிடங்கின் கோடியிலிருந்து, இருட்டிலிருந்து, நடந்து வரவேண்டும். வந்தான். ஒத்திகையில் வாத்து மாதிரி நடந்தவன்... இது வேறு நடை. காலைத் தூக்குவதற்கு முன்னால் தரையைத் தேடுகிற நடை. கண் தெரியாமல், வெகுநேரம் நின்று மரத்துப்போனவன் நடை.

ஆபரேட்டர் கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதே நடை... ஐயோ, அதே நடை!"

அப்போதுதான் பல்செட்காரருக்கு மூக்கில் ஏறியது. பிளாஸ்டர் வாசனை அவருக்குத் தெரியாததா? அதிலேயே வாழ்கிறவர். இது பிளாஸ்டர் இல்லை. சுண்ணாம்பு. புதிதாக வெள்ளையடித்த வீட்டில் வருமே... ஈரமும் காரமுமாக, தொண்டையைப் பிடிக்கிற வாசனை. கூடவே ஒரு சத்தம். சுர்ர்ர்... கல் சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் வருகிற சத்தம். கிடங்கில் எங்கும் சுண்ணாம்பு கிடையாது.

விளக்குக்குக் கீழே வந்து நின்றான். இரண்டு கையும் எழுந்தது.

டொக்... டொக்... டொக்...

"கை தூக்கலையே?" நர்ஸ் கிசுகிசுத்தாள்.

"தூக்கலை."

டொக் டொக் டொக் டொக்...

வேகம் ஏறியது. இடது கையும் தட்டியது, வலது கையும் தட்டியது. ஒன்றும் மேலே போகவில்லை. "யாரும் கிட்ட போகாதீங்க, இது இன்னொரு தடவை வராது," என்றார் ஆபரேட்டர். கண்ணில் தண்ணீர்.

பிறகு வேகம் குறைந்தது. சத்தம் தேய்ந்தது. ஓய்ந்துபோன தட்டு. ஒன்று... ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று...

பல்செட்காரர் ஓடினார். கேமராவைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினார். "வெட்டு! கட்டை வெட்டு!" நர்ஸ் கட்டு அறுக்கிற மெஷினை எடுத்தாள். விர்ர்ர்... வெள்ளைத் தூள் பறந்தது. முன்பாதி கழன்று இவர் கையோடு வந்தது.

உள்ளே மச்சான் முகம். வியர்வை இல்லை. மூச்சு வாங்கவில்லை. கண் மூடியிருந்தது. மெதுவாகத் திறந்தான். விளக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"ரொம்ப நேரம் தட்டினேன்," என்றான்.

"கையைத் தூக்குறேன்னு சொன்னியேடா பாவி!"

அவன் யோசித்தான். "அப்படியா? யாரும் அப்படிச் சொல்லலையே... தட்டினாப் போதும்னுதானே சொன்னாங்க?"

நர்ஸ் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டில் தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் இவர்கள் யாருடைய போனையும் எடுத்ததில்லை.

வேன் சாவியை நீட்டினார்கள். மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

பயத்தில் மூளை குழம்பிவிட்டது என்றார் ஆபரேட்டர். அவரே ஓட்டினார். பல்செட்காரர் பின்னால் உட்கார்ந்து மச்சான் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை.

வீட்டில் அவன் வாசலிலேயே நின்றான். "வரலாமா?" என்று கேட்டான். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதென்ன புது மரியாதை? தட்டை நீட்டி நீட்டித் தின்னுட்டு, கழுவாமப் போட்டுட்டுப் போற பயல்!"

அவன் உட்காரச் சொன்னால்தான் உட்கார்ந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வேலை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்து என்ன என்பது போல் ஓரமாக நின்றான். யாரோ முதலாளிக்கு முன்னால் நிற்கிறவன் மாதிரி. மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி திருந்திவிட்டானாம்.

மறுநாள் சாயங்காலம் பல்செட்காரர் லேபுக்குப் போனார். கழற்றிய முன்பாதியைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்று எடுத்தார். உள்பக்கம் கண்ணில் பட்டது. பஞ்சைக் காணவில்லை. பஞ்சு இருந்த இடத்தில் பிளாஸ்டர் ஓடி, ஒரு முகம் பதிந்திருந்தது. அச்சுப் பிசகாமல்.

அச்சைக் கண்டால் ஊற்றாமல் இருக்க அவரால் முடியாது. பழக்கம். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாதியை அப்படியே வீசியிருப்பார்கள். இவர் எண்ணெய் தடவி, பிளாஸ்டர் கரைத்து ஊற்றினார். இறுகியதும் கவிழ்த்து எடுத்தார்.

மச்சானுடைய முகம்.

கண்ணை இறுக்கி மூடியிருந்தது. வாய் கிழிகிற மாதிரித் திறந்திருந்தது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை நீளம். அந்தப் பல்லைக் கட்டியவர் இவர்தான். தன் வேலையைத் தானே தெரியாமல் போகுமா? கழற்றும்போது பார்த்த முகம் சாந்தமாக, வாய் மூடி இருந்தது. இப்படிக் கத்தின முகம் யாருடையது... எப்போது பதிந்தது?

தொட்டார். சூடாக இருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது சூடு வரும். எல்லா அச்சும் அப்படித்தான். ஒரு பீடி பிடித்துவிட்டு வருவதற்குள் ஆறிவிடும். இவர் பிடித்துவிட்டு வந்தார். ஆறவில்லை. மற்ற வேலையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருட்டியது. ஆறவில்லை. கொதிக்கவும் இல்லை. ஆள் உடம்பில் இருக்குமே, அந்தச் சூடு. அவ்வளவுதான்.

காதை வைத்தார். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கின பிறகு கேட்டது. கெட்டிப் பிளாஸ்டர், உள்ளே ஊசி போக இடமில்லை. அதற்குள்ளிருந்து, ரொம்ப லேசாக...

அவர் அலறவில்லை என்று அவருடைய தம்பி, என் நைட் ஷிப்ட் கூட்டாளி, சொன்னான். அலறாமல் சின்ன டிரில்லை எடுத்தாராம். மூக்கு இருக்கிற இடத்தில் இரண்டு துளை போட்டார். ஒன்று கோணலாகப் போனது. பிறகு பல்லுக்குப் பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடி இருக்குமே, நீளக் காம்பு வைத்தது, அதைத் துடைத்து அந்தத் துளைக்குக் கீழே பிடித்தார்.

கண்ணாடி மங்கியது.

தெளிந்தது.

மறுபடி மங்கியது.

அந்தக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கூடத்தில் மச்சான் மல்லாக்கப் படுத்திருந்தான், கை இரண்டும் பக்கத்தில் நேராக. பக்கத்து அறையில் மனைவி புரளும் சத்தம். சின்ன விளக்கைப் போட்டு, குனிந்து, அவன் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்தார்.

பிடித்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி கழுவின மாதிரித் தெளிவாக இருந்தது.

கொஞ்சம் சாய்த்தார். அதில் ஒரு கண் தெரிந்தது. திறந்திருந்தது. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"விளக்கை அணைச்சிடுங்க சார்," என்றது. பணிவான குரல். "பழக்கமில்ல... கண்ணு கூசுது."

சார். பத்து வருஷமாக அத்தான் அத்தான் என்று கூப்பிட்ட வாய்.

அன்று யாரைக் கழற்றி வெளியே விட்டோம் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. யாரை உள்ளே விட்டுவிட்டு வந்தோம் என்பதும் தெரிந்தது.

விளக்கை அணைத்தார்.

மனைவியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? முழுசாகக் கொண்டுவந்து சேர் என்றாள், முழுசாகத்தான் சேர்த்திருக்கிறார். அவளும் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் தம்பியைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள்.

அந்த முகத்தை உடைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். உடைத்தால் உள்ளே இருக்கிறவன் வெளியே வருவானா, அவனும் சேர்ந்து உடைவானா, யாருக்குத் தெரியும் என்றான் தம்பி. அண்ணன் இப்போது வீட்டுக்குப் போவதில்லையாம். லேபிலேயே பெஞ்சைப் போட்டு, அந்தச் சூடான முகத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாராம். தூங்குவதே இல்லையாம். தூங்க முடியாது. துளை இரண்டும் தானாக மூடிக்கொண்டு வருகிறது. காயம் ஆறுகிற மாதிரி, சுற்றிலும் வெள்ளையாக வளர்ந்து வருகிறது. டிரில்லை வைத்தால் விரிசல் விடுகிறது. அதனால் ஊசி விட்டுத்தான் திறந்து வைக்கிறார். முதலில் தடித்த ஊசி. அப்புறம் அதற்கும் சின்னது. அதற்கும் சின்னது...

போன வாரம் தம்பி போய்ப் பார்த்திருக்கிறான். கடையில் இருப்பதிலேயே மெல்லிய ஊசியை வைத்துக் குத்திக்கொண்டிருந்தாராம்.

அதைவிட மெல்லியது கிடைக்காதாம்.